மழை பெய்தால் போவியா?

விலங்குக் காப்பகத்தில் தொண்டு செய்ய வருகிறவர்கள் நிரப்பித் தரும் அந்தப் படிவம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் நான்கு மாதம் தொங்கியது. பால் எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். பெயர், முகவரி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாம் எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே நான்கு கட்டங்கள்: பூனைப் பகுதியில் உதவி, துணி துவைப்பது, நன்கொடை திரட்டுவது, நாய்களை வாக்கிங் கூட்டிப்போவது. கடைசிக் கட்டத்தில் டிக் போடலாம் என்று பேனாவை எடுப்பேன். அப்புறம் வைத்துவிடுவேன்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஓவர்போர்ட் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். 2015-ல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தோம். கட்டடத்தை நிர்வகிக்கும் வீட்டு உரிமையாளர் குழுவை இங்கே பாடி கார்ப்பரேட் என்பார்கள். எங்கள் பாடி கார்ப்பரேட் விதிப்படி நாய் வளர்க்கக் கூடாது. மகளோ ஏழு வயதிலிருந்து நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். "வளர்க்க முடியாவிட்டால் என்ன, காப்பகத்தில் இருக்கும் நாய்களை வாக்கிங் கூட்டிப்போகலாமே" என்று அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து ஒட்டியதும் அவள்தான். அவளுக்கு அப்போது 15 வயது. நாங்கள் பார்த்த காப்பகத்தில் 18 ஆகாதவர்கள் கையில் நாயைக் கொடுக்க மாட்டார்கள். போவதானால் நான்தான் போக வேண்டும்.

எனக்கு நாய் என்றால் பயம். பத்து வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு தெருநாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. பிறகு தொப்புளைச் சுற்றி ஊசி. அம்மா அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு கிழிப்பாள், ஓர் ஊசிக்கு ஒரு கோடு. பதினான்கு கோடுகள். வெள்ளையடிக்கிற வரைக்கும் அந்தச் சுவரைப் பார்க்காமலேதான் சாப்பிடுவேன். இப்படிப்பட்டவள் எதற்கு நாய்க் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று என் தங்கை போனில் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் மகளோடு ஒரு முறை அங்கே சும்மா பார்க்கப் போயிருந்தபோது, கூண்டுக்குள் கத்தாமல், எழுந்துகூட வராமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு நாயைப் பார்த்துவிட்டேன். கத்துகிற நாய்களை விட்டு விலகி வந்துவிடலாம். அந்த நாயை விட்டு மனசால் விலக முடியவில்லை.

யோசனைக்கு ஒரு வழி காட்டியவர் பக்கத்து வீட்டு ஆயா. எழுபதைத் தாண்டியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்தவர். 1860-லிருந்து 1911 வரை அப்படி வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள்தான் இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர். ஆயாவின் தமிழ் கொஞ்சம்தான், அதுவும் பழைய தமிழ், நடுநடுவே இங்கிலீஷ். டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் வீடு இருந்த காலத்தில் எப்போதும் இரண்டு மூன்று நாய்கள் வளர்த்தவர். படிவத்தைப் பார்த்தார். நாய் பிடிக்குமா, பயமா, கடிக்குமா என்று எதுவும் கேட்கவில்லை. "மழை பெஞ்சா போவியா மா?" என்று மட்டும் கேட்டார்.

பதில் சொல்ல முடியவில்லை. டர்பனில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்காலமும் கோடைக்காலமும் ஒன்றாகவே வரும். சனிக்கிழமை காலையில் கொட்டுகிற மழையில், போர்வையை விட்டு எழுந்து, காரெடுத்துக்கொண்டு போய், நனைந்த நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பேனா? அதைத் தெரிந்துகொள்ளாமல் டிக் போடக் கூடாது என்று தோன்றியது.

சரி, பரீட்சித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். எட்டு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு எழுந்து, ஏழு மணிக்கு மிட்செல் பார்க்கில் இருக்க வேண்டும். நாய் கிடையாது. வெறுங்கையோடு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். அலாரத்துக்கு முன்னாலேயே கூரை மேலிருந்து ஹடீடா பறவைகள் அலறி எழுப்பிவிடும், அது ஒரு வசதி. எட்டில் ஆறு வாரம் போனேன். ஒரு வாரம் காய்ச்சல், போகவில்லை. இன்னொரு வாரம் முந்தின இரவு ஒரு கல்யாண வரவேற்பு. எழ மனசில்லை, போகவில்லை. இரண்டு நாள் நல்ல மழை, குடையோடு போனேன். எட்டுக்கு ஆறு. வாராவாரம் என்று வாக்குக் கொடுத்தால் பொய்யாகிவிடும், மாதத்துக்கு மூன்று சனிக்கிழமை என்றால் காப்பாற்ற முடியும் என்று அந்தக் கணக்கிலிருந்துதான் தெரிந்தது. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டு மாதம் நாயில்லாமல் நடந்து பாருங்கள். உங்கள் சனிக்கிழமைகள் உண்மையில் யார் கையில் இருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

காப்பகத்து நாய்க்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று பிறகு புரிந்தது. கூண்டில் இருக்கிற நாய்க்கு நாள் முழுக்க ஒரே மாதிரிதான் இருக்கும். சாப்பாடு, கழுவி விடுவது, இருட்டு. ஒருவர் ஒழுங்காக வந்தால் அவருடைய காலடிச் சத்தம் அதற்குத் தெரிந்துவிடுகிறது. நான் கூட்டிப்போன நாய், நான் வண்டியை நிறுத்திக் கதவைச் சாத்தும் சத்தத்துக்கே எழுந்து நிற்கும் என்று அங்கே வேலை செய்பவர்கள் சொன்னார்கள். நான்கு வாரம் வந்துவிட்டு ஐந்தாம் வாரம் காணாமல் போகிறவர்களால் அந்த நாய் முன்பைவிட இன்னும் சுருண்டுபோகும் என்றும் சொன்னார்கள்.

டிக் போடுவதற்கு முன் நேரில் போய்ச் சில விஷயங்களைக் கேட்டேன். முதல் சில வாரம் கூட யாராவது வருவார்களா? ஒரு நாய்க்குக் கடிக்கும் பழக்கம் இருந்தால் கூண்டில் எழுதிப் போடுவீர்களா? கடி பட்டால் யாரிடம் சொல்ல வேண்டும், செலவு யாருடையது? எந்த நாய்க்கு என்ன தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதைப் பார்க்க முடியுமா? நேராகப் பதில் சொன்னார்கள். செலவு என்னுடையதுதான், அதற்குப் பொறுப்பேற்புப் படிவம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற இடமாக இருந்தால் அங்கே போகாதீர்கள். இன்னொரு கேள்வியும் இருந்தது, அதை அப்போது கேட்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெறிநாய்க்கடி நோய் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் அது இன்னும் நாய்களிடையே இருக்கிறது. நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. கடித்தவுடன் முறையாக ஊசி போட்டுக்கொண்டால் வராமல் தடுத்துவிடலாம். சிறுவயதில் பதினான்கு ஊசி போட்டவளாயிற்றே, எனக்கென்ன என்றுதான் டாக்டரிடம் போனேன். அவர் தலையை ஆட்டினார். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய ஊசி. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் போன்ற இடங்களில் தயாரானது. இந்தியாவில் 2004 கடைசியோடு அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதைப் போட்டவர்களை இப்போது ஊசியே போடாதவர்களாகத்தான் கணக்கெடுக்க வேண்டுமாம். அம்மா கிழித்த பதினான்கு கோடுகளும் கணக்கில் வராது என்றதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு கடிபடுவதற்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளும் ஊசியைக் கையில் போட்டார். வயிற்றில் இல்லை. வலி கொசுக்கடி அளவுதான்.

நாய்களோடு பழகப் போகிறவர்கள் இந்த முன்கூட்டிய ஊசியைப் போட்டுக்கொள்வது நல்லது. காரணம் எனக்கே நேர்ந்தது. ஏழாவது மாதம், புதிதாக வந்த ஒரு குட்டி விளையாட்டாகக் கட்டைவிரலைப் பிடித்தது. துளிதான் ரத்தம். அது எங்கிருந்து வந்தது, தாய்க்குத் தடுப்பூசி போட்டார்களா, யாருக்கும் தெரியாது. குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நின்று பார்த்தால் மிக நீளம். ஆனால் அதைக் குறைக்கக் கூடாது. பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். "சின்னக் கீறல்தானே, குட்டிதானே, ஊசி வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். காப்பகத்தில் வேலை செய்யும் பெரியவர் போனில் சத்தம் போட்டார். "தோல் கிழிந்து ரத்தம் வந்ததா இல்லையா? வேறு இடத்துக்குப் போ, இப்போதே போ" என்றார். போனேன். ஏற்கெனவே ஊசி போட்டிருந்ததால் எனக்கு அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று, அத்தோடு முடிந்தது. முன்பே போடாதவராக இருந்தால் முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 14 நாள் கழித்து என நான்கு ஊசி. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் தனியாக வேண்டும், அது எல்லா இடத்திலும் உடனே கிடைத்துவிடாது. குட்டி என்றாலும், கீறல் என்றாலும், பார்க்கிற முதல் ஆள் வேண்டாம் என்று சொன்னாலும், விட்டுவிடாதீர்கள்.

இப்போது அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜூலு மக்கள் வயதில் மூத்த ஆண்களை பாபா என்று கூப்பிடுவார்கள். அப்பா என்று பொருள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் என்னை சிசி என்பார், அக்கா தங்கச்சி இரண்டுக்கும் பொதுவான சொல். முதல் நாள் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர். எனக்கு நாய் பயம் என்று சொன்னேன். சிரிக்கவில்லை. அவருக்கும் ஒரு காலத்தில் அப்படித்தானாம். நிறவெறி ஆட்சிக் காலத்தில் போலீஸ் நாய்களோடு அவர்கள் பகுதிக்குள் இறங்கும். சின்னப் பையனாகக் கூரை மேல் ஏறி ஒளிந்திருக்கிறார். அதே மனிதர் முப்பது வருடமாக நாய்களுக்குச் சாப்பாடு வைக்கிறார். எப்படி என்று கேட்டேன். "அந்த நாய்கள் தானாக எங்கள் தெருவுக்கு வரவில்லையே சிசி" என்றார்.

அவர் என்னை எடுத்தவுடன் கூண்டுக்குள் விடவில்லை. முதல் நாள் முழுவதும் கூண்டுக்கு வெளியே தரையில், பக்கவாட்டாக, நாயைப் பார்க்காமல் உட்கார வைத்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அதே நாய்தான். பெயர் ரோய்போஸ். இங்கே எல்லோரும் குடிக்கிற செம்பழுப்பு மூலிகைத் தேநீரின் பெயர் அது; நாயும் அச்சாக அதே நிறம். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் தோளை மோந்து பார்த்தது. அப்போதுதான் அதன் கழுத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. தோல் பளபளவென்று, இளஞ்சிவப்பாக, சங்கிலியின் கண்ணிகள் பதிந்த தடம் அங்கங்கே பள்ளம் பள்ளமாக. குட்டியில் கட்டிய சங்கிலியை நாய் வளர்ந்த பிறகும் தளர்த்தவில்லை. சங்கிலி சதைக்குள் போய்விட்டது. அவசியமில்லாமல் ஒரு மிருகத்தைக் கட்டிப்போட்டு வதைப்பது 1962-ன் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே குற்றம். அந்த மாதிரிக் கழுத்துகளை அதன் பிறகு நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்தக் கழுத்தோடு பட்டை போட முடியாது. நெஞ்சைச் சுற்றிப் போடும் பட்டைதான். அதை மாட்டுவதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது. மாட்டிய அன்று நான் "கம், கம் ஹியர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. பாபா வாளியைக் கீழே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் "வோஸா" என்றார். காது இரண்டும் நிமிர்ந்தன. ஜூலுவில் வா என்று அர்த்தம். ரோய்போஸ் ஜூலு பேசும் வீட்டிலிருந்து வந்த நாய். இத்தனை நாளும் நாங்கள் அதற்குப் புரியாத மொழியில் கூப்பிட்டுவிட்டு, சொன்ன பேச்சு கேட்காத நாய் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். உட்கார் என்பதற்கு "ஹ்லாலா". அதுவும் தெரிந்திருந்தது. என் வாயில் வோஸா பாதியில் வா ஆகிவிடும். அதற்கும் வந்தது. ஒரு நாய் சொன்னதைச் செய்யவில்லை என்றால், அது எந்த மொழி கேட்டு வளர்ந்தது என்று முதலில் விசாரியுங்கள். இந்த ஊரில் இது மிகப் பெரிய விஷயம்.

நடக்கும்போது செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். கயிற்றின் முனையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வேன், விட்டுவிடுவேனோ என்ற பயத்தில். பாபா இரண்டு முறை எச்சரித்தும் பழக்கத்தில் செய்துவிட்டேன். டர்பனில் குரங்குகளுக்குப் பஞ்சமில்லை. மதில் மேல் ஒன்று குதித்தது. ரோய்போஸ் பாய்ந்தது. நான் முழங்காலும் முகமுமாக விழுந்து, கையை விடுவிக்க முடியாமல் இரண்டு மூன்று அடி இழுபட்டேன். மணிக்கட்டு சுளுக்கி ஆறு வாரம் சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. கயிற்றின் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மிச்சத்தை உள்ளங்கையில் மடித்துப் பிடித்து, இன்னொரு கையை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். கையைத் திறந்தால் கயிறு போய்விட வேண்டும். நாய் ஓடிவிடுமே என்றால், அதற்காகத்தான் வேலி போட்ட இடத்துக்குள் மட்டும் முதல் மாதங்களில் நடக்கச் சொல்கிறார்கள்.

கூண்டிலிருந்து வெளியே கொண்டுவரும் அந்த இரண்டு நிமிடம்தான் உள்ளதிலேயே கஷ்டம். வரிசையில் உள்ள நாய்கள் எல்லாம் கம்பியில் பாய்ந்து குலைக்கும். கதவை உடம்பால் அடைத்தபடி ஒரு ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, உள்ளேயே கயிற்றை மாட்டி, நடுப்பாதையில் நிற்காமல் வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகு அவசரமே வேண்டாம். நான் வேகமாக நடந்தால்தான் நாய்க்கு நல்லது என்று நினைத்தேன். அது ஒரு புல் கொத்தை ஐந்து நிமிடம் மோந்து பார்க்க விரும்பினால் விட்டுவிடுங்கள். சிமெண்டுத் தரையிலேயே நாளைக் கழிக்கிற மிருகத்துக்கு அந்தப் புல்தான் அன்றைய செய்தித்தாள். ஒரு மணி நேரத்தில் நாங்கள் முந்நூறு மீட்டர்கூடத் தாண்டாத நாள்கள் உண்டு. அந்த நாள்களில்தான் திரும்பியதும் நிம்மதியாகத் தூங்கியது.

உடை பற்றிப் பெண்களுக்கு ஒரு சொல்: துப்பட்டா வேண்டாம், தொங்கட்டான் வேண்டாம், தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், முழுக்கால் பேன்ட், விரல் மூடிய ஷூ. கோடையில் ஒன்பது மணிக்குமேல் தார்ச்சாலை பக்கமே போகாதீர்கள். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும்.

உண்ணி இங்கே பெரிய எதிரி. அது கடித்து நாய்க்கு வரும் நோயைப் பிலியரி என்பார்கள். ஈறு வெளுத்து, சிறுநீர் கருத்து, சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பும். அன்றைக்கே சொல்லிவிட்டால் பிழைக்கும், தள்ளிப்போட்டால் செத்துவிடும். ஆகையால் நடந்து முடித்ததும் காதுக்குள், விரலிடுக்கில், வாலடியில் தடவிப் பார்ப்பது என் வழக்கம். வீட்டுக்கு வந்து என்னையும் பார்த்துக்கொள்வேன். மனிதர்களுக்கும் உண்ணிக்காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கும், கூடவே தலைவலியும் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்; மாத்திரையில் சரியாகிவிடும்.

வீட்டில் நாய் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பார்வோ கிருமி காப்பகத்து மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஷூவில் ஒட்டிக்கொண்டு வந்து வீட்டுக் குட்டியைக் கொன்றுவிடும். சோப்புக்குச் சாகாது. ஜிக் கலந்த தண்ணீர் வேண்டும். துணி வெளுக்கும் ப்ளீச்சுக்கு இந்த ஊர்ப் பெயர். நான் காப்பகத்துக்கு என்று ஒரு ஜோடி ஷூவை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். அது வீட்டுக்குள் வராது.

நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். "நாய் ஒரு நாள் கூண்டில் இல்லை என்றால் எனக்குச் சொல்வீர்களா?" என்பதுதான் அது. இடம் போதாத ஊரில், யார் கொண்டுவந்தாலும் திருப்பி அனுப்பாத காப்பகங்கள் எல்லா நாயையும் வைத்துக்கொள்ள முடியாது. எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கவில்லை. நான்காம் மாதம் ஒரு சனிக்கிழமை, ரோய்போஸுக்கு இரண்டு கூண்டு தள்ளி இருந்த வயதான கறுப்பு நாய் இல்லை. கூண்டு கழுவி ஈரமாக இருந்தது. அதன் சாப்பாட்டுக் கிண்ணம் கவிழ்த்து வைத்திருந்தது. யாராவது தத்தெடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். பாலம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டினேன். திரும்பிப் போய்ப் பாபாவிடம் கேட்டேன். சிறுநீரகம் போய்விட்டது, வியாழக்கிழமை ஊசி போட்டு அனுப்பிவிட்டோம், நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன் என்றார்.

அன்றைக்கு அங்கே அழுதேன். பிறகு கேட்டேன், இனிமேல் எதுவானாலும் எனக்குச் சொல்லிவிடுங்கள் என்று. சிலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது. அவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடலாம், காப்பகத்தில் மதிப்பார்கள். எனக்கு, தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் போக முடிகிறது. தெரியாமல் இருந்தால் ஒவ்வொரு கூண்டையும் பயந்து பயந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் எந்த மாதிரி என்று படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே யோசித்து வையுங்கள்.

என் தோழி ஒருத்தி, சாட்ஸ்வொர்த்தில் இருப்பவள், என்னோடு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "அக்கா, என்னால இதைத் தாங்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவள் எடுத்தது நல்ல முடிவு. வாரம் இரண்டு மூட்டைக் கம்பளிகளைக் கொண்டுபோய்த் துவைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கிறாள். குளிர்காலத்து இரவில் ஒரு நாய்க்கு நான் நடக்கும் ஒரு மணி நேரத்தைவிட அந்தக் கம்பளிதான் பெரிது. பூனைப் பகுதியில் உட்கார்ந்து வெறுமனே பேசிக்கொண்டிருக்கவும் ஆள் தேவைதான்.

நம்மவர்களிடம் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். தீபாவளி. அதையொட்டியே நவம்பர் 5-ல் ஆங்கிலேயர் வழக்கமான கை ஃபாக்ஸ் இரவு. இரண்டுக்கும் இந்த ஊரில் வெடி. நானும் பாளையங்கோட்டையில் சரவெடி கொளுத்தி வளர்ந்தவள்தான். ஆனால் முதல் தீபாவளிக்கு அடுத்த நாள் காலை காப்பகத்தைப் பார்த்த பிறகு என் வீட்டில் வெடி நின்றுவிட்டது. சுவர் தாண்டி, கண்ணாடி உடைத்து, கம்பியில் வயிறு கிழித்துக்கொண்டு ஓடிவந்த நாய்கள் வாசலில் வரிசையாக. நிறைய நாய்கள் நம் வீட்டு நாய்கள்தான். கழுத்தில் கறுப்புக் கயிறும் நெற்றியில் குங்குமமுமாக வந்ததுகூட உண்டு. விளக்கு ஏற்றுவோம், மத்தாப்பு போதும். வெடிதான் வேண்டும் என்றால் உங்கள் நாயை அன்று சாயங்காலமே உள்ளறையில் விட்டு, திரையை மூடி, டிவியைச் சத்தமாக வைத்து, கழுத்துப்பட்டையில் போன் நம்பரை எழுதிவிடுங்கள். நான் இப்போது தீபாவளி அன்று எட்டு மணிக்குள் வீட்டுப் பூஜையை முடித்துவிட்டுக் காப்பகத்துக்குப் போய்விடுகிறேன். கூண்டு வரிசையில் நாற்காலி போட்டு ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆயா முறுக்கு கட்டிக் கொடுப்பார். பாபாவுக்கு எங்கள் வீட்டு முறுக்கைவிட அதுதான் பிடிக்கும்.

ரோய்போஸ் பதினொரு மாதம் இருந்தது. போன குளிர்காலத்தில் டர்பன் புறநகரான ஃபீனிக்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாத்தா, பாட்டி, எட்டு வயதுப் பேத்தி. பேத்தி கம்பிக்கு வெளியே பக்கவாட்டாக உட்கார்ந்தாள், யாரும் சொல்லித் தரவில்லை. நாய் எழுந்து வந்தது. காப்பகத்துக்காரர்கள் அவர்கள் வீட்டுக்குப் போய் வேலியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். சங்கிலி போட மாட்டோம் என்று தாத்தா எழுதிக் கொடுத்தார்.

கூட அனுப்பும் அட்டையில் நாயைப் பற்றிக் குறிப்பு எழுத ஓரிடம் இருக்கும். சாப்பாடு, தடுப்பூசித் தேதி எல்லாம் அலுவலகத்தில் நிரப்பியிருந்தார்கள். பாபா அதை என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன்: கழுத்தைத் தொட வேண்டாம், நெஞ்சுப்பட்டை மட்டும். குரங்கைக் கண்டால் பாயும். மழையில் நடக்கப் பிடிக்கும். வோஸா என்றாலும் வரும், வா என்றாலும் வரும்.